உரைகல்லில் ஒரு கீறல் போதும்

வேலை கேட்டு நேர்காணலுக்குப் போய் உட்கார்ந்த அனுபவம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இன்னொருவரின் தகுதியை எடைபோட்ட அனுபவம் கம்மி. இருபது, இருபத்தைந்து வயதில் அந்தப் பொறுப்பை அலுவலகத்தில் யாரும் நம்மிடம் கொடுக்க மாட்டார்கள். இளைஞர் அமைப்பில்தான் கிடைக்கும். முகாமுக்குச் சமையல்காரரைப் பேசணும், விழாவுக்கு ஒலிபெருக்கிக்காரரைப் பிடிக்கணும், ஆண்டு மலருக்கு அச்சகம் தேடணும். இப்போது அந்தப் பட்டியலில் அகப்பக்கம் செய்து தருபவரும் சேர்ந்துவிட்டார்.

சமையல்காரர் என்றால் போன கல்யாணத்தில் சாப்பிட்ட நாலு பேரைக் கேட்டால் போதும். அகப்பக்கம் அப்படி இல்லை. அது நன்றாக அமைந்ததா இல்லையா என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். செய்து தருபவருக்கோ பெரும்பாலும் அலுவலகம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. வீட்டில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் செய்பவர். ஃபிரீலான்ஸ் என்று சொல்கிறோமே, அந்த வகை. அதனால் நமக்குப் பயம் வருகிறது. பயம் வந்ததும் சோதித்துப் பார்க்கத் தோன்றுகிறது.

இந்தக் கட்டுரை அந்தச் சோதனையைப் பற்றியது. ஒருவரை நம்புவதற்கு முன் எவ்வளவு தூரம் சோதிக்கலாம்? எதுவரை அது நம் கடமை? எந்த இடத்தில் அது அநியாயமாக மாறுகிறது? எங்கள் கிளையில் நடந்த ஒரு தேர்வை வைத்தே இதைப் பேசுகிறேன். அந்த நேரம் நான் கிளையின் செயலாளர்.

சோதிப்பது நம் கடமை

அகப்பக்கத்துக்குச் செயலவை ஒதுக்கிய பணம் 3,500 ரிங்கிட். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அது வந்த வழியைப் பாருங்கள். தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இரண்டு நாள் உணவுச் சந்தை போட்டு, பத்து வெள்ளிக் கூப்பனாக விற்றுச் சேர்த்த காசு. அம்மாக்கள் விடியற்காலை எழுந்து இடியப்பம் பிழிந்தார்கள். பிள்ளைகள் வீடு வீடாகக் கூப்பன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். “பார்த்தா நல்ல ஆளாத்தான் தெரியுது, கொடுத்திடுவோம்” என்று சொல்ல அது நம் சொந்தக் காசு இல்லை.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அகப்பக்கம் எங்களுக்கு முக்கியமாகத் தேவைப்பட்டது பள்ளி விடுமுறை முகாமுக்குப் பெயர் பதிய. பிள்ளையின் பெயர், வீட்டு முகவரி, பெற்றோரின் கைப்பேசி எண், என்ன ஒவ்வாமை, என்ன மருந்து எல்லாம் அந்தப் பாரத்தில் வரும். மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாணிப நடவடிக்கைகளுக்காக எழுதப்பட்டது. அது எங்களைப் போன்ற சங்கத்தைத் தொடுமா தொடாதா என்று வாதாடலாம். பிள்ளையை நம்பி அனுப்புகிற தாயிடம் அந்த வாதம் எடுபடாது.

வள்ளுவர் இதற்கென்றே இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். 51-ஆவது தெரிந்து தெளிதல், 52-ஆவது தெரிந்து வினையாடல். முதலாவது, ஆளை ஆராய்ந்து நம்புவது. இரண்டாவது, நம்பியவரிடம் வேலையை ஒப்படைப்பது. அந்த வரிசையே ஒரு பாடம். முதலில் ஆராய்ச்சி, பிறகு நம்பிக்கை, அதன்பின் வேலை. நாம் பல நேரம் தலைகீழாகப் போகிறோம். முதலில் வேலையைக் கொடுத்துவிட்டு, பாதியில் சந்தேகப்பட ஆரம்பித்து, கடைசியில்தான் ஆள் யார் என்று விசாரிக்கிறோம்.

ஆகவே, “சோதிக்கிறீங்களே, என் மேல நம்பிக்கை இல்லையா?” என்று யாராவது கோபித்துக்கொண்டால் நாம் கூச வேண்டியதில்லை. பொதுப் பொறுப்பில் இருப்பவர் சோதிக்காமல் நம்பினால் அதைப் பெருந்தன்மை என்று சொல்ல முடியாது. அடுத்தவர் காசில் காட்டும் அலட்சியம் அது.

உரைகல் என்ன செய்கிறது?

அதே அதிகாரத்தில் ஒரு குறள், ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் செய்த செயல்களே உரைகல் என்ற கருத்தைச் சொல்கிறது. உரைகல்லை நம் வட்டாரத்து நகைக்கடையிலும் பார்க்கலாம். பழைய வளையலைக் கொண்டுபோனால் ஆசாரி அதைக் கருங்கல்லில் லேசாக ஒரு இழுப்பு இழுப்பார். கல்லில் ஒரு பொன் கோடு விழும். அதன் நிறத்தைப் பார்த்து, அமிலம் ஒரு சொட்டு விட்டு, மாற்றைச் சொல்லிவிடுவார். வளையலை உருக்கிப் பார்க்க மாட்டார். ஒரு கீறல் போதும்.

அகப்பக்கம் செய்பவரிடமும் அப்படிச் சின்னக் கீறலாக எதைப் பார்க்கலாம்? நாங்கள் பார்த்த சிலதைச் சொல்கிறேன். உங்கள் கிளைக்கும் உதவும்.

முதலில், அவர் ஏற்கெனவே செய்த பக்கங்கள். அழகான படமாக அனுப்பினால் போதாது, இன்றும் இயங்குகிற முகவரியைக் கேளுங்கள். கணினியில் மட்டும் பார்க்காமல் கைப்பேசியிலும் திறந்து பாருங்கள். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொட்டுத்தான் உள்ளே வருவார்கள். பிறகு, “இதுல நீங்க செஞ்சது எந்தப் பகுதி?” என்று கேளுங்கள். கடையில் விற்கும் தயார் வடிவத்தை வாங்கிப் போட்டிருக்கலாம். அது குற்றமில்லை, எங்கள் பணத்துக்கு அதுவே சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதை மறைக்கிறாரா, ஒளிக்காமல் சொல்கிறாரா என்பது முக்கியம்.

இரண்டாவது, பழைய வாடிக்கையாளர் இரண்டு பேரிடம் பேசுங்கள். “நல்லா செஞ்சாரா?” என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “ஏதாவது தப்பா போனப்ப என்ன செஞ்சாரு?” என்று கேளுங்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, தமிழ். யூனிகோடில் தமிழ் 1991-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. முரசு அஞ்சல் பிறந்த மண் இது. இருந்தும் தமிழ் எழுத்தைச் சரியாகக் கையாளத் தெரியாத வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காமல் பிதுங்கும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து பிரிந்து நிற்கும். சிலர் வம்பே வேண்டாம் என்று தமிழ்த் தலைப்பைப் படமாக ஒட்டிவிடுவார்கள். படமாக ஒட்டினால் தேடுபொறிக்கு அது தமிழாகத் தெரியாது. பார்வையற்ற உறுப்பினரின் கைப்பேசியும் அதை வாசித்துச் சொல்லாது.

நான்காவது, சாவி யார் கையில் இருக்கும்? டொமைன் என்கிற பெயர்ப் பதிவும், பக்கத்தைத் தாங்கும் ஹோஸ்டிங் கணக்கும் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். ‘டாட் மை’ என்று முடியும் பெயர்களை மைநிக் நிர்வகிக்கிறது. பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் அந்தப் பெயர். வடிவமைப்பாளர் தம் பெயரில் பதிந்துவிட்டு, பிறகு வெளிநாடு போய்விட்டால் நாம் கைபிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். நல்ல தொழிலாளி இதற்குக் கோபப்பட மாட்டார். சில பேர் நாம் கேட்பதற்கு முன்னால் அவர்களே சொல்வார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஆளுக்கு அரை மணி, ஒரு மணி நேரம்தான் பிடித்தது. அவர் புதிதாக எதையும் செய்து தர வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைக் காட்டினார், கேட்டதற்குப் பதில் சொன்னார். எங்களைப் பற்றி அவரும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மூன்று பேர்

எங்களிடம் வந்தவர்கள் மூவர். ஒருவர் செயலவை உறுப்பினரின் தம்பி. பாலிடெக்னிக் மாணவர், இலவசமாகவே செய்து தருவதாகச் சொன்னார். இரண்டாமவர் ஷா ஆலாமில் இருப்பவர். இருபதுக்கு மேற்பட்ட பக்கங்கள் செய்தவர், 3,000 ரிங்கிட் கேட்டார். மூன்றாமவர் தைப்பிங்கில் இருக்கும் ஒரு சகோதரி. குழந்தை பிறந்தபின் அலுவலக வேலையை விட்டு வீட்டிலிருந்தே தொழில் செய்பவர். காட்டுவதற்கு நான்கு பக்கங்கள்தான் வைத்திருந்தார். 2,500 கேட்டார்.

மாணவருக்கு எங்கள் மத்தியில் ஆதரவு அதிகம். நம்ம பையன், காசும் மிச்சம். ஆனால் வகுப்புப் பாடத்துக்குச் செய்த பக்கம் தவிர அவரிடம் வேறு எதுவும் இல்லை. முகாம் பதிவு தொடங்கும் வாரத்தில் அவருக்குத் தேர்வு வேறு. தெரியாதவரை அன்பு காரணமாகத் தேர்ந்தெடுப்பது மடமையில் கொண்டுபோய் விடும் என்ற பொருளில் வள்ளுவர் எச்சரிப்பது இப்படிப்பட்ட இடத்துக்குத்தான். “தம்பி, இந்த வேலை உனக்கு இப்ப பெருசு. ஆனா கூடவே இருந்து கத்துக்க” என்று அவர் அக்காவே சொன்னார். அது எங்களுக்குப் பெரிய நிம்மதி.

மிச்சம் இரண்டு பேர். அப்போதுதான் வாதம் ஆரம்பித்தது.

“ரெண்டு பேரையும் செய்யச் சொல்லுங்க”

எங்கள் ஆலோசகர் ஐயா நாற்பது வருடம் சமூகப் பணியில் இருப்பவர். சங்கத்துக் காசில் ஒரு தேநீர் கூடக் குடிக்க மாட்டார். அவர் சொன்னார்: “ரெண்டு பேரையும் முகப்புப் பக்கம் ஒண்ணு செஞ்சு அனுப்பச் சொல்லுங்கப்பா. எது நல்லா இருக்கோ அவங்களுக்கு வேலை. இதுல என்ன கஷ்டம்?”

பல சங்கங்களில் இதுதான் வழக்கம். சின்னம் வேண்டுமா, போட்டி வை. பதாகை வேண்டுமா, நாலு பேரை வரையச் சொல், ஒன்றை எடு. ஐயாவின் பக்கம் நியாயமும் இருந்தது. அதை முழுதாகவே சொல்கிறேன். பழக்கடையில் ஒரு சுளை தின்று பார்த்துத்தானே டுரியான் வாங்குகிறோம்? நேர்காணலுக்குப் போகிறவருக்கு யாராவது சம்பளம் கொடுக்கிறார்களா? பிடிக்கவில்லை என்றால் அவர்கள் மறுக்கலாமே, யார் கட்டாயப்படுத்தினது?

நான் யோசித்துச் சொன்ன பதில் இது. டுரியான்காரர் தரும் சுளை அவர் ஏற்கெனவே வைத்திருக்கும் பழத்திலிருந்து வருவது. நமக்காக ஒரு மரம் நட்டுத் தருவதில்லை. நேர்காணலில் ஒருவர் தருவது பேச்சு. அந்தப் பேச்சை நாம் எடுத்துப் பயன்படுத்த முடியாது. முகப்புப் பக்கம் அப்படி இல்லை. அது நம் பெயருக்காக, நம் தேவைக்காக உட்கார்ந்து யோசித்துச் செய்யும் புது வேலை. ஆளுக்கு இரண்டு நாள் என்று வைத்தாலும் மொத்தம் நான்கு நாள் உழைப்பு. அதில் இரண்டு நாள் உழைப்பைக் குப்பையில் போடப் போகிறோம். போடுவதுகூட இல்லை, பல இடத்தில் தோற்றவரின் வண்ணத்தையும் யோசனையையும் எடுத்து ஜெயித்தவரிடம் கொடுத்து, “இதையும் சேர்த்துக்குங்க” என்பார்கள்.

மறுக்கலாமே என்பது உண்மை. ஆனால் யார் மறுக்க முடியும்? கைநிறைய வேலை இருப்பவர் மறுப்பார். அந்த மாதம் கார் தவணை கட்ட வழி தேடுபவர் மறுக்க மாட்டார். ஆக, இந்தச் சோதனை திறமையை அளப்பதற்கு முன்னாலேயே தேவையை அளந்துவிடுகிறது. தைப்பிங் சகோதரி குழந்தை தூங்கியபின் இரவில்தான் வேலை செய்வார். அவரிடம் இரண்டு இரவைச் சும்மா கொடு என்று கேட்பதும், இருபது பக்கம் செய்தவரிடம் கேட்பதும் ஒன்றல்ல.

இங்கே எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. சோதனையில் விளைந்ததை நாம் பயன்படுத்திக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் அதற்குப் பெயர் வேலை. வேலை என்றால் கூலி உண்டு. உலகத்தில் வடிவமைப்பாளர் சங்கங்கள் பலவும் இலவச மாதிரி வேலையை நீண்ட காலமாக எதிர்ப்பது இதனால்தான்.

மறைந்திருந்து பார்ப்பது

அந்தக் கூட்டத்தில் இன்னொரு யோசனையும் வந்தது. ஓர் உறுப்பினர் சொன்னார்: “வேற பேர்ல ஃபோன் போடுவோம். இன்னொரு சங்கத்தோட பக்கத்தை அப்படியே காப்பி அடிச்சு மலிவா செஞ்சு தருவீங்களான்னு கேப்போம். சரின்னு சொன்னா ஆளு சரியில்லன்னு தெரிஞ்சிடும்.” சிலர் சிரித்தார்கள், சிலர் நல்ல ஐடியா என்றார்கள்.

இந்த யோசனை புதுசு இல்லை. ஈராயிரம் ஆண்டுப் பழசு. வள்ளுவர் அந்த அதிகாரத்தைத் தொடங்கும்போதே, அறத்தின் மேலுள்ள பற்று, பணம், இன்பம், உயிர்ப் பயம் என்ற நான்கை வைத்து ஆளை ஆராயச் சொல்கிறார். பரிமேலழகர் உரையைப் படித்தால், இந்த நான்கும் அரசன் மறைவாக ஆள்விட்டு அமைச்சரைச் சோதிக்கும் முறைகளாக விரியும். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் இதே நான்கு உண்டு. வேலையிலிருந்து நீக்கியதாகப் பாசாங்கு செய்து, அரசன் தன் புரோகிதரையே அமைச்சர்களிடம் தூது விடச் செய்வான். “இந்த அரசன் அதர்மக்காரன், வேறொருவரை உட்கார வைப்போமா?” என்று அது கேட்கும். படைத்தலைவர் வழியாகப் பண ஆசை காட்டப்படும். மறுத்தவர் தேறியவர்.

ஆனால் அதே இடத்தில் கௌடில்யர் ஓர் எச்சரிக்கையும் வைக்கிறார். அதைப் பலர் கவனிப்பதில்லை. கெடாத மனிதரைச் சோதனையின் பெயரில் கெடுத்துவிடாதே என்கிறார். நல்ல தண்ணீரில் விஷத்தைக் கலந்து பார்ப்பது போன்றது அது. ஒருமுறை கெட்டுப்போன மனதுக்குப் பிறகு மருந்து கிடைக்காமலே போகலாம் என்பது அவர் கருத்து. ராஜதந்திரத்தில் இரக்கமே இல்லாதவர் என்று பேர் வாங்கினவர் சொல்கிற பேச்சு இது.

யோசித்துப் பாருங்கள். வேலை இல்லாமல் தவிக்கும் ஒருவரிடம் பொய்ப் பெயரில் போய், தப்பான வேலைக்குப் பணம் காட்டுகிறோம். அவர் தடுமாறினால், அந்தத் தடுமாற்றத்தில் பாதி நாம் தயாரித்தது. தடுமாறவில்லை என்றாலும், நாளைக்கு உண்மை தெரியும்போது நம்மை எப்படி நம்புவார்? அவர் நேர்மையைக் கண்டுபிடிக்க நம் நேர்மையைச் செலவு செய்திருப்போம். அரசனுக்கு நாடு போய்விடும் என்ற ஆபத்து இருந்தது. நமக்கு இருந்தது 3,500 ரிங்கிட்டும் ஒரு பதிவுப் பாரமும். அவ்வளவு சின்ன ஆபத்துக்கு அவ்வளவு பெரிய விலை எதற்கு?

நாங்கள் செய்தது

பொருளாளர் அக்காதான் வழி சொன்னார். “செஞ்சு பார்க்கச் சொல்லணும்னா காசு கொடுத்துச் சொல்லுவோமே.” இருவருக்கும் ஒரே சின்ன வேலை: முகாம் பதிவுப் பக்கம் ஒன்று, தமிழிலும் ஆங்கிலத்திலும். நான்கு மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னோம். ஆளுக்கு 200 ரிங்கிட். தேர்வு இதை வைத்துத்தான் என்றும் சொன்னோம். ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

ஐயா ஒரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்வி: “தேர்வாகாதவருக்கு 200 வெள்ளியா? அது இடியப்பம் பிழிஞ்ச காசு இல்லையா?” ஆமாம், அதே காசுதான். ஆனால் யாருக்கு அந்தத் தகவல் தேவை? நமக்கு. தெரிந்துகொள்ள விரும்புகிறவர்தான் அதற்கான செலவை ஏற்க வேண்டும். சோதிக்க நமக்கு உரிமை உண்டு. சோதனையின் செலவைச் சோதிக்கப்படுபவர் தலையில் கட்ட உரிமை இல்லை. ஐயா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரி, எழுதிக்குங்க” என்றார்.

ஷா ஆலாம் அண்ணனின் பக்கம் கண்ணைப் பறித்தது. ஆனால் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் படங்கள். கைப்பேசியில் பார்த்தால் கொசுறு எழுத்தாகச் சுருங்கின.

தைப்பிங் சகோதரி வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி அனுப்பினார். “பிள்ளைங்களோட அடையாள அட்டை எண் எதுக்குங்க? வயசு தெரியணும்னா பிறந்த வருஷம் மட்டும் போதாதா?” எங்கள் பழைய காகிதப் பாரத்தில் அந்த எண் இருந்தது, அப்படியே கொடுத்திருந்தோம். நம் அடையாள அட்டை எண்ணின் பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பது. ஒரு பிள்ளையைப் பற்றி அவ்வளவையும் எதற்குச் சேர்த்துவைக்க வேண்டும்? யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டோம்.

அவர் பக்கம் எளிமையாக இருந்தது. தமிழ் தமிழாகவே இருந்தது. தேர்வு அவருக்குத்தான். அந்த ஒரு கேள்வி எங்களுக்குக் காட்டியதை எந்தப் பொய்த் தொலைபேசி அழைப்பும் காட்டியிருக்காது. ஒருவரின் குணத்தைப் பார்க்க மறைந்திருக்க வேண்டியதில்லை. உண்மையான வேலையை வெளிப்படையாகக் கொடுத்தால் குணம் அதிலேயே தெரியும்.

“கோயில் காரியம்தானே?”

இன்னொரு விஷயத்தையும் பேசியாக வேண்டும். விலை பேசும்போது நம் வாயில் சட்டென்று வரும் வார்த்தை: “இது சேவைங்க. சமய காரியம். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க.”

சேவை உயர்ந்தது, சந்தேகமில்லை. ஆனால் சேவை ஒருவர் தாமாகக் கொடுப்பது. நாம் கேட்டு வாங்கினால், அதிலும் சாமி பேரைச் சொல்லி வாங்கினால், அது வசூல். பூக்கட்டுபவரிடம் மூன்று மாலை சும்மா கட்டச் சொல்லி, நல்லதை மட்டும் எடுத்துக்கொள்வோமா? நாதஸ்வரக் கலைஞருக்கு முன்பணம் கொடுத்துத்தானே நாள் குறிக்கிறோம்? கணினியில் செய்யும் வேலைக்குப் பொருள் செலவு கண்ணுக்குத் தெரியாததால் அது உழைப்பே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். தைப்பிங் சகோதரி வேலையெல்லாம் முடிந்தபின், முகாமுக்கு ஒரு சுவரொட்டியைத் தாமாகவே வரைந்து கொடுத்தார். முழுக் கூலி வாங்கியவர் விரும்பிக் கொடுத்ததால் அதைச் சேவை என்று கூசாமல் சொல்ல முடிகிறது.

நம்பியபின் சந்தேகப்படாதே

வள்ளுவர் அந்த அதிகாரத்தை முடிக்கும்போது இரண்டு தவறுகளை ஒரே தட்டில் வைக்கிறார். ஆராயாமல் நம்புவது ஒன்று. ஆராய்ந்து நம்பியபின் சந்தேகப்படுவது மற்றொன்று. இரண்டுமே தீராத துன்பம் தரும் என்பது அவர் முடிவு. முதல் தவறைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இரண்டாவதைப் பேசுவதே இல்லை.

அந்த இரண்டாவது தவறு எப்படி இருக்கும் தெரியுமா? வாட்ஸ்அப் குழுவில் வடிவமைப்பாளரைச் சேர்த்துவிட்டு, பதினோரு பேரும் பதினோரு நிறம் சொல்வது. இரவு பன்னிரண்டு மணிக்கு “தம்பி, அந்த விநாயகர் படத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்க” என்பது. வேலை முடிந்தும், “இன்னும் பார்க்கணும்” என்று கடைசித் தவணையை மூன்று மாதம் இழுப்பது.

நாங்கள் எழுத்தில் வைத்துக்கொண்டவை இவை. சங்கத்தின் சார்பில் பேசுபவர் ஒருவர் மட்டும். திருத்தம் இரண்டு சுற்று. அதற்கு மேல் போனால் தனிக் கட்டணம். பணம் மூன்று தவணை: தொடக்கத்தில் 750, முதல் வடிவம் வந்ததும் 1,000, கடவுச்சொற்களை எல்லாம் ஒப்படைத்ததும் 750. டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் சங்கமே நேராகக் கட்டியது. இன்னொரு வரியும் சேர்த்தோம். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணித்துச் செய்வித்த படைப்பின் உரிமை பணித்தவருக்கே போய்ச் சேரும். அதனால், “நான் செய்தது” என்று இந்தப் பக்கத்தைத் தம் வருங்கால வாடிக்கையாளர்களுக்குக் காட்ட அவருக்கு அனுமதி உண்டு என்று எழுதிக் கொடுத்தோம். நம்மிடம் ஒரு வரி. அவருக்கோ அடுத்த வேலைக்கான உரைகல்.

வேலை ஒரு வாரம் தாமதமானது. குழந்தைக்குக் காய்ச்சல். தாமதமாகும் என்று முன்கூட்டியே அவரே சொல்லிவிட்டதால், முகாம் பதிவைப் பத்து நாள் தள்ளி வைத்துச் சமாளித்தோம். குறையே இல்லாத ஆளைத் தேடினால் யாருமே கிடைக்க மாட்டார்கள். குணத்தையும் குறையையும் எடைபோட்டு, மிஞ்சி நிற்பது எது என்று பார்ப்பதுதான் தேர்வு. பாலிடெக்னிக் தம்பி அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, இப்போது பக்கத்தைப் பராமரிக்கிறார்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் நாளைக்கு ஃபிரீலான்ஸ் வேலை செய்யப் போகிறவர்கள். சிலர் இப்போதே செய்கிறீர்கள். இன்று மேசையின் இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம். அதனால் உங்கள் கிளையில் அடுத்த முறை யாரையாவது அமர்த்தும்போது, தேர்வானவரைப் பற்றி மட்டும் பேசாமல், தேர்வாகாதவரை எப்படி அனுப்பினோம் என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஷா ஆலாம் அண்ணனுக்கு 200 ரிங்கிட்டை அன்றைக்கே அனுப்பினோம். ஏன் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் மரியாதையாக எழுதினோம். அவர் இரண்டு வரியில் பதில் போட்டார்: “நன்றிங்க. அந்தத் தமிழ் எழுத்து விஷயம் இது வரைக்கும் யாரும் எங்கிட்ட சொன்னதில்ல. இனிமே மாத்திக்கிறேன்.”